இலையுதிர்கால ஐரோப்பாவுக்கு ஒரு சின்னப் பெட்டி

அக்டோபர் மாதத்தில் பாரிஸ் நகரின் சராசரிப் பகல் வெப்பம் 16, 17 டிகிரி செல்சியஸ். விடியற்காலையில் அது 9, 10 டிகிரிக்கு இறங்கும். லண்டன் ஏறக்குறைய இதே அளவு. வியன்னாவும் பிராகும் அதற்கும் கொஞ்சம் கீழே. ஊட்டியில் டிசம்பர் மாதம் தங்கியவர்களுக்கு இந்த எண்கள் பயம் தராது. ஆனால் ஊட்டியில் காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். வட ஐரோப்பிய நகரங்களில் அந்த வெயிலை நம்ப முடியாது. வானம் மூடியபடியே ஒரு பகல் முழுவதும் கழியும். தேம்ஸ், சேன் போன்ற ஆறுகளின் கரையில் காற்று விடாமல் வீசும். வெப்பமானி 14 என்று காட்டும்போது உடம்புக்கு 10 என்று தோன்றுவது அதனால்தான்.

மழையும் வேறு மாதிரி. லண்டனில் அக்டோபரில் பெய்யும் மொத்த மழை, அதே மாதம் சென்னையில் பெய்வதில் கால் பங்குதான். சென்னையில் அந்தக் கால் பங்கு ஒரே இரவில்கூடக் கொட்டித் தீர்த்துவிடும். லண்டனில் தூறலாகப் பல நாட்களுக்குப் பிரித்துப் பெய்யும். காலையில் நீலமாக இருந்த வானம் பதினொரு மணிக்குத் தூறி, ஒரு மணிக்கு வெளுத்து, மாலையில் மறுபடி தூறும். பொழுதும் வேகமாகச் சுருங்கும். அக்டோபர் தொடக்கத்தில் லண்டனில் மாலை ஆறரை மணியளவில் மறையும் சூரியன், மாதக் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். அக்டோபரின் கடைசி ஞாயிறு அன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதும் இதற்கு ஒரு காரணம். ஆக, ஒரே நாளுக்குள் வெயில், தூறல், காற்று, இருட்டு நான்குக்கும் உடை வேண்டும். நாளுக்கு ஒரு செட் என்று எடுத்து வைக்கும் நம் வழக்கமான கணக்கு இங்கே தவறுவது இதனால்தான். பத்து நாளுக்குப் பத்துச் சட்டை இருந்தாலும், பத்தும் ஒரே கனத்தில் இருந்தால் குளிர் குளிர்தான்.

துணி சூடு தருவதில்லை. உடம்பு உண்டாக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. பிடித்து வைப்பதும் துணியைவிட, துணிக்குள்ளும் இரண்டு துணிகளுக்கு நடுவிலும் அசையாமல் நிற்கும் காற்றே. அதனால்தான் ஒரு கனமான கோட்டைவிட, மெல்லிய மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது பயனுள்ளது. வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம், மறுபடி போடலாம். ஐரோப்பிய நகரங்களில் இது மிக முக்கியம். ஏனென்றால் தெருவில் 10 டிகிரி இருக்கும்போது கடைக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்கு மேல் வைத்திருப்பார்கள். நெரிசல் நேரத்து மெட்ரோ ரயிலில் கனத்த கோட்டோடு நிற்பவருக்கு முதுகில் வியர்வை ஓடும். அந்த ஈரத்தோடு மேலே தெருவுக்கு வந்தால் குளிர் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஈரம்தான் உண்மையான எதிரி. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி வியர்வையை உறிஞ்சி இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் அது வரம், அங்கே அது தொல்லை. உடம்போடு ஒட்டும் முதல் உடை மெரினோ கம்பளியாக இருந்தால் நிலைமை மாறுகிறது. கம்பளி என்றதும் கழுத்தைக் குத்தும் பழைய ஸ்வெட்டர் நினைவுக்கு வரலாம். குத்துவது இழையின் தடிமனால்தான். மெரினோ ஆட்டின் மெல்லிய இழை 17 முதல் 19 மைக்ரான் அளவுதான். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். இவ்வளவு மெல்லிய இழை தோலில் பட்டதும் வளைந்துவிடும், குத்தாது. அதோடு கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, நீராவியாகவே, இழைக்குள் வாங்கிக்கொள்ளும். தொட்டால் ஈரம் தெரியாது. வியர்வை நாற்றமும் சட்டென்று பிடிக்காது என்பதால் ஒரு மெரினோ பனியனை மூன்று நாள் வரை துவைக்காமல் போடலாம். பெட்டியைச் சிறிதாக்கும் பெரிய ரகசியம் இதுதான்.

விலை அதிகம் என்பது உண்மை. இரண்டு வாங்க முடியாவிட்டால் ஒன்றாவது வாங்குவது நல்லது. மற்றதற்கு மெல்லிய செயற்கை இழைத் தெர்மல்கள் போதும். ஜப்பானின் யூனிக்லோ நிறுவனம் டோரே நிறுவனத்தோடு சேர்ந்து 2003இல் கொண்டுவந்த ஹீட்டெக் இந்த வகையில் பெயர் பெற்றது. ரேயான், அக்ரிலிக், பாலியெஸ்டர் கலந்த துணி. நம் கடைகளில் கிடைக்கும் கனத்த, உள்ளே பஞ்சு போல் இருக்கும் தெர்மல்கள் பனிக்காலத்துக்கு உரியவை. அக்டோபரில் அவற்றைப் போட்டவர் பகல் முழுவதும் வியர்ப்பார்.

நடு அடுக்குக்கு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, முன்பக்கம் திறக்கும் கார்டிகன் ஒன்று. தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் இரண்டு எடுத்துப் போவதைவிட இது மேல். பொத்தானைத் திறந்துவிட்டாலே கார்டிகனில் சூடு குறைந்துவிடும். கை இல்லாத மெல்லிய டவுன் வெஸ்ட் இருந்தால் கார்டிகனுக்குப் பதில் அதை வைக்கலாம். வாத்தின் மென்தூவி அடைத்த இந்த உடை சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்குள் அடங்கும். நனைந்தால் மட்டும் தூவி கட்டி கட்டியாகி, காற்றைப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்துவிடும். ஆகவே அது எப்போதும் மழைக்கோட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

பெட்டியிலேயே அதிகம் யோசித்து வாங்க வேண்டியது அந்த மழைக்கோட்டுதான். குடை உதவும், ஆனால் ஆற்றுப் பாலத்தின் நடுவில் காற்று அதை மடக்கிவிடும். தலைமறைப்பு உள்ள, தொடை வரை இறங்கும் கோட்டு காற்றையும் தூறலையும் சேர்த்துத் தடுக்கும். இதற்கென்றே பிறந்த துணி கேபர்டீன். இங்கிலாந்தில் தாமஸ் பர்பெரி 1879இல் உருவாக்கியது. இழையை முன்னதாகவே நீர் புகாதபடி பதப்படுத்தி, மிக நெருக்கமாக நெய்த துணி. முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் இருந்த அதிகாரிகள் அணிந்த கோட்டு அந்தத் துணியில் தைக்கப்பட்டது. இன்றைக்கும் லண்டன், பாரிஸ் தெருக்களில் டிரெஞ்ச் கோட்டாக அது நடமாடுகிறது. இதற்கு மாற்றான துணியும் உண்டு: 1969இல் அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த சவ்விலிருந்து கோர்டெக்ஸ் வந்தது. அதன் நுண்துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. வியர்வையின் ஆவி வெளியேறப் போதுமான அளவு பெரியவை. பத்து நாள் நகரப் பயணத்துக்கு இரண்டில் எது ஆனாலும் சரி. நாகரிகமான உணவகத்துக்கும் பொருந்தும் என்பதால் எளிய வெட்டில், அடர்ந்த நிறத்தில் இருக்கும் கோட்டே நல்லது. கடையில் அளவு பார்க்கும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். சட்டையின்மேல் கச்சிதமாக நிற்கும் கோட்டு, ஸ்வெட்டரின்மேல் கையைத் தூக்கவிடாது.

குறைந்த உடைகளை ஒன்றோடொன்று மாற்றிப் போடுவதென்பது புதிய யோசனை அல்ல. 1970களில் லண்டனில் ‘வார்ட்ரோப்’ என்ற துணிக்கடை நடத்திய சூசி ஃபோ, நீண்ட நாள் உழைக்கும் சில உடைகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படி பெண்களுக்குச் சொன்னார். ‘கேப்சூல் வார்ட்ரோப்’ என்ற பேச்சு அவரால் பரவியது. நியூயார்க் வடிவமைப்பாளர் டோனா கரன் 1985இல் வெளியிட்ட தொகுப்புக்கு ஏழு எளிய உடைகள் என்றே பெயர். அலுவலகத்துக்கும் மாலை விருந்துக்கும் அந்த ஏழே போதும் என்பது அவர் வாதம். பயணப் பெட்டியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லும். மேலே போட நான்கு, நடு அடுக்குக்கு இரண்டு, கீழே போட இரண்டு என்று எட்டு உடைகள் இருந்தால் பதினாறு விதமாகச் சேர்க்கலாம்.

ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தினால்தான் பதினாறு. ஒரு பேண்ட் இரண்டு சட்டைகளோடு மட்டும் சேரும் என்றால் கணக்கு உடனே பன்னிரண்டுக்கு விழும். அதற்காகக் கீழே இருப்பவை அடர் நீலம், கரும் சாம்பல் போன்ற நிறங்களாக இருப்பது நல்லது; சேறு தெறித்தாலும் தெரியாது. மேலே வெள்ளை, வெளிர் நீலம், சாம்பல் ஆகியவற்றோடு நான்காவதாக அரக்கோ கடுகு மஞ்சளோ ஒன்று இருக்கலாம். எல்லாமே சாம்பலாக இருந்தால் பத்து நாள் புகைப்படங்களும் ஒரே நாளில் எடுத்தவை போல் தெரியும். நிறத்துக்குச் சுலபமான வழி கழுத்துக்குப் போடும் மஃப்ளர்தான். கழுத்தை மூடிவிட்டாலே ஒரு ஸ்வெட்டர் கழற்றலாம் என்பார்கள் குளிர் ஊர்க்காரர்கள். கொஞ்சம் அகலமாக இருந்தால் விமானத்தில் போர்வையாகும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதியுள்ள ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் மேலாடையாகும்.

ஜீன்ஸ் இல்லாமல் பயணமா என்று பலர் கேட்பார்கள். ஒன்று போதும், அதையும் போட்டுக்கொண்டே விமானம் ஏற வேண்டும். கனமானது, நனைந்தால் ஒரு இரவில் காயாது. இரண்டாவது பேண்ட், கம்பளி கலந்ததாகவோ செயற்கை இழை கலந்ததாகவோ, சுருக்கம் விழாததாக இருக்கட்டும்.

சுடிதாரும் சேலையும் உடுத்துபவர்கள் பழக்கத்தை விட வேண்டியதில்லை. முழங்கால் வரையிலான குர்தாவுக்குள் மெல்லிய தெர்மலும், கீழே கனத்த லெகிங்ஸும் போட்டால் மேலே சொன்ன அடுக்கு முறையே அது. துப்பட்டாவுக்குப் பதில் கம்பளிச் சால்வை. சேலையில் இரண்டு சிக்கல் உண்டு: ஈர நடைபாதையில் கீழ்க்கரை நனைந்து மேலே ஏறும், நகரும் படிக்கட்டில் கொசுவம் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. விசேஷம் ஒன்றுக்காகப் போகிறவர்கள் ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே லெகிங்ஸ் போட்டு, கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டிக்கொள்ளலாம்.

காலணியில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பிராகின் பழைய நகரம், ரோமின் உள்வீதிகள் எல்லாம் கல் பாவியவை. மழையில் வழுக்கும், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவில் கற்களின் முனை உள்ளங்காலில் உறைக்கும். வலைத்துணி ஸ்போர்ட்ஸ் ஷூ நடக்கச் சுகமானது, ஆனால் முதல் தூறலிலேயே சாக்ஸ் வரை நனையும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட தோல் ஷூ இந்தப் பருவத்துக்குச் சரி. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து, காலுக்குப் பழக்க வேண்டும். மாற்றுக்கு இன்னொரு ஜோடி. மூன்றாவது ஜோடிக்கு இடமில்லை. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

எடைக்கு வருவோம். பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு 7 கிலோ அனுமதிக்கின்றன. ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு நிறுவனங்களில் எடையைவிடப் பெட்டியின் நீள அகலத்தில்தான் கறார். சக்கரப் பெட்டியே இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். மீதி நாலரை கிலோவுக்குள் நான்கு மேலுடை, ஸ்வெட்டர், ஒரு பேண்ட், ஒரு தெர்மல் செட், ஐந்து நாளுக்கான உள்ளாடையும் சாக்ஸும், இரவு உடை, மாற்று ஷூ, சோப்பு சீப்பு எல்லாம் அடங்கிவிடும். கோட்டு, ஜீன்ஸ், கார்டிகன், கனத்த ஷூ நான்கும் உடம்பில் இருக்கும். பெரிய பெட்டி எடுக்கும் உரிமை டிக்கெட்டில் இருந்தாலும் சிறியதே நல்லது. பாரிஸ் மெட்ரோவின் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிதான்.

இந்த ஏற்பாடு துவைப்பதை நம்பி நிற்கிறது. மாலையில் அறைக்குத் திரும்பியதும் கைகழுவும் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் விட்டு, கொஞ்சம் ஷாம்பு கரைத்து, பனியனையும் சாக்ஸையும் கசக்கி அலச வேண்டும். முறுக்கிப் பிழியக்கூடாது, கம்பளி உருக்குலைந்துவிடும். ஹோட்டலின் உலர்ந்த துண்டைக் கட்டில்மேல் விரித்து, ஈரத்துணியை அதில் பரப்பி, பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு ஹேங்கரில் மாட்டினால் காலையில் உடுத்தலாம். கம்பளியை ஹீட்டரின் மேல் நேரடியாகப் போடுவது கூடாது. ஜீன்ஸ், ஸ்வெட்டர் வகையறாவுக்கு நாணயம் போட்டு இயக்கும் சலவைக்கடைகள் எல்லாப் பெரிய நகரங்களிலும் உண்டு.

இதே பெட்டி லிஸ்பனுக்கும் ரோமுக்கும் போனால் தெர்மலையும் ஸ்வெட்டரையும் வீட்டில் வைத்துவிடலாம். அங்கே அக்டோபர் பகல் 22 டிகிரி வரை ஏறும். நவம்பரில் பிராக் என்றால் பகலிலேயே 7, 8 டிகிரிதான். அப்போது கார்டிகனுக்குப் பதில் டவுன் வெஸ்ட், பருத்திச் சட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டாவது மெரினோ பனியன், கோட்டுப் பையில் கையுறையும் கம்பளித் தொப்பியும். கோட்டும் ஷூவும் பேண்டுகளும் மாறுவதில்லை. வானிலை முன்னறிவிப்பைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பார்த்து, நடு அடுக்கை மட்டும் அதற்கேற்ப மாற்றினால் போதும்.