குறை கேட்பவரா, தீர்ப்பவரா? டொராண்டோ நகர ஆம்புட்ஸ்மன் பதவியும் தமிழ்க் கலைச்சொல்லும்

முன்னுரை

சுவீடன் நாட்டின் 1809ஆம் ஆண்டு அரசியலமைப்பு வழியாக உலகிற்கு அறிமுகமான ‘ஆம்புட்ஸ்மன்’ என்னும் பதவிப்பெயருக்குத் தமிழில் ஒருமித்த கலைச்சொல் இன்றளவும் அமையவில்லை. வங்கித்துறையில் ‘குறைதீர்ப்பாளர்’ என்பது வழங்குகின்றது. தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உள்ளாட்சி அமைப்புகளுக்கென ஏற்பட்ட பதவி ‘முறைமன்ற நடுவர்’ எனப்படுகின்றது. இலங்கையில் ‘குறைகேள் அதிகாரி’ என்னும் வழக்கு உண்டு. தீர்த்தல், நடுநிற்றல், கேட்டல் என மூன்று வினைகள் இப்பெயர்களின் அடியில் உள்ளன. இவற்றுள் எது நகர ஆம்புட்ஸ்மன் ஆற்றும் பணிக்குப் பொருந்தும் என்பதைக் கனடாவின் டொராண்டோ நகரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது. ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழும் நகரம் அது (அவர்தம் எழுத்தில் ‘ரொறன்ரோ’). ஆகவே இவ்வினா அங்கு அகராதியோடு நின்றுவிடுவதன்று.

பதவியின் இயல்பு

2006ஆம் ஆண்டு டொராண்டோ நகரச் சட்டம் இப்பதவியைக் கட்டாயமாக்கியது. முதல் ஆம்புட்ஸ்மன் பியோனா கிரீன் 2008இல் பொறுப்பேற்றார். இவரை நியமிப்பது நகரமன்றம்; இவர் அறிக்கை அளிப்பதும் மன்றத்திற்கே. நகர நிருவாகத்தின் செயலும் செயலின்மையும் இவரது ஆய்வுக்கு உரியன. மன்ற உறுப்பினரின் நடத்தை வேறோர் அலுவலரின் எல்லைக்குட்பட்டது.

குடியிருப்பாளர் முதலில் உரிய துறையிடமே முறையிடல் வேண்டும். அங்கு விடை கிடைக்காதபோது, அல்லது கிடைத்த விடை நேர்மையற்றதெனத் தோன்றும்போது, கட்டணமின்றி இவரை அணுகலாம். பெரும்பாலான முறையீடுகள் முழு விசாரணையின்றி, துறையினரோடு பேசி விளக்கம் பெறும் அளவிலேயே முடிந்துவிடுகின்றன. தேவையாயின் ஆவணங்களைக் கோரி முறையான விசாரணை நடத்தவும் இவருக்கு அதிகாரம் உண்டு. எனினும் விசாரணையின் முடிவில் அவர் தருவது பரிந்துரையே; ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. ஆராய்ச்சி மணி மரபில் மணியோசை கேட்ட மன்னனே தீர்ப்பும் வழங்கினான். இங்குக் கேட்பவர் ஒருவர், செய்ய வேண்டியவர் மற்றொருவர்.

இரு அறிக்கைகள்

வாடகை நிலுவைக்காக முதியோரை வெளியேற்றிய நகர வீட்டுவசதிக் கழகம் தன் விதிகளையே பின்பற்றவில்லை என 2013ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. ஒவ்வொரு முதியவரின் தனிக்குறையாகத் தோன்றியது நிருவாகத்தின் பொதுக்குறை என்பது அதனால் புலனாயிற்று. இப்பதவியின் தலையாய பயன் இதுவே என்பது கட்டுரையாளர் கருத்து.

பரிந்துரையின் வரம்பைக் காட்டுவது 2024 டிசம்பரில் க்வாமி அடோ வெளியிட்ட அறிக்கை. ஏதிலிநிலை கோரியோரை நகரின் பொதுத் தங்குமிடங்களில் சேர்க்க மறுத்த முடிவு நேர்மையற்றது என அது கண்டது. நகர மேலாளர் அக்கண்டறிவை ஏற்கவில்லை.

சொல்லாய்வு

‘தீர்ப்பாளர்’ என்பது தீர்ப்பையும் தீர்வையும் ஒருங்கே உறுதியளிக்கின்றது. அவ்வுறுதி இங்கு இல்லை. ‘கேள்’ என்னும் வினையடி செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருசேரக் குறிக்கும். குடியிருப்பாளர் சொல்வதைக் கேட்டு அதிகாரியை வினவும் இப்பதவிக்கு ஈழவழக்கான ‘குறைகேள் அதிகாரி’ மிகப் பொருந்தும். ‘அதிகாரி’ என்பது மட்டுமே சற்று இடறுகின்றது. ‘முறைமன்ற நடுவர்’ தமிழ்நாட்டுச் சட்டச்சூழலில் நிலைபெற்ற சொல்லாயினும், டொராண்டோவுக்கான தமிழ்த் துண்டறிக்கைகளில் தவிர்க்கத்தக்கது. வீட்டு வெளியேற்ற வழக்குகளை விசாரிப்பது ஒண்டாரியோ மாநிலத்தின் தனித் தீர்ப்பாயம். ‘மன்றம்’, ‘நடுவர்’ என்னும் சொற்களை நம்பி ஆம்புட்ஸ்மனிடம் முறையிட்டதோடு அமைந்துவிடும் முதியவர் ஒருவர், அத்தீர்ப்பாயம் குறித்த நாளில் முன்னிலையாகாமல் வீட்டை இழக்கக்கூடும்.