ஆளைக் கூப்பிடாமல் ஒரு சுடுதண்ணீர்க் குளிப்பு

சுடுதண்ணீரில் குளிப்பது வசதி படைத்தவர்களின் பழக்கம் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். யாழ்ப்பாணத்து வெய்யிலுக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும் என்பதும் உண்மைதான். ஆனால் பிள்ளை பெற்றவள், மூட்டுவாதக்காரர், செல் துண்டை உடம்பில் சுமப்பவர், கால் இழந்தவர் இருக்கும் வீட்டில் அது ஆடம்பரம் அல்ல. மார்கழி, தை மாதக் குளிரில் இவர்களுடைய நோவு கூடுவது கூட இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனது அக்கா 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். செயற்கைக் கால் அணிந்து தையல் வேலை செய்கிறார். பகல் முழுவதும் அதற்குள் வியர்த்திருக்கும் காலை இரவில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து உலரவிட வேண்டும். தவறினால் தோல் புண்ணாகும்; பிறகு நாட்கணக்கில் செயற்கைக் காலைப் போட முடியாது, தையலும் நின்றுவிடும். பல ஆண்டுகளாக அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் குளியலறைக்குத் தூக்கிச் சென்றவள் நான். நான் வேலையால் வரப் பிந்தினால் அவர் காத்திருப்பார்.

சென்ற ஆண்டு சீட்டுக் காசு கைக்கு வந்ததும் கீற்றர் வாங்கத் தீர்மானித்தோம். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, தாங்கியில் தண்ணீரைச் சூடாக்கிச் சேர்த்து வைப்பது. பாவிக்காத நேரத்திலும் அதன் சூடு மெல்ல ஆறும். ஆறியதை மீண்டும் சூடாக்க மின்சாரம் செலவாகும். மற்றது தாங்கி இல்லாதது. பைப்பைத் திறந்தால் ஓடுகிற தண்ணீரை அப்போதே சூடாக்கும், மூடினால் நின்றுவிடும். 3,500 வாட் கீற்றர் நிமிடத்துக்கு 5 லீற்றர் தண்ணீரின் வெப்பத்தை ஏறத்தாழ 10 பாகை உயர்த்தும். எமது காலநிலைக்கு அது போதும். பத்து நிமிடம் பாவித்தால் அரை யுனிற்றுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். நாங்கள் இரண்டாவதையே வாங்கினோம்.

சகோதரிகளே, வாங்க முன்பு கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்தக் கீற்றர் 15 அம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கும். விசிறி போடும் சாதாரண பிளக்கில் இதைக் கொழுவவே கூடாது. மெயின் போட்டிலிருந்து தனி வயரும் தனி பிறேக்கரும் வேண்டும். எர்த் வயர் உண்மையில் நிலத்தோடு தொடர்பாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியருக்கானதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். எமது வீட்டுக்கு வந்த மின்வேலையாளர், “இதெல்லாம் உங்களுக்கு ஏன் அக்கா?” என்று சிரித்தார். “குளிக்கப்போறது நாங்கள்தானே தம்பி” என்றேன். அளந்து காட்டினார். எர்த் சரியாக இருக்கவில்லை. அதைத் திருத்திய பிறகே கீற்றரைப் பூட்டினோம்.

தண்ணீரின் வேகமும் முக்கியம். தாங்கி உயரத்தில் இல்லாவிட்டால் தண்ணீர் மெதுவாக வரும். கீற்றர் வேலை செய்யாது. மோட்டர் பொருத்திய கீற்றர்களும் உண்டு, அவற்றின் விலை அதிகம். எமது மண் சுண்ணாம்புக்கல் மண். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு கீற்றருக்குள்ளும் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும். தண்ணீர் உள்ளே போகும் இடத்திலுள்ள சிறு வலையை அடிக்கடி கழுவுங்கள். சூடு குறைந்தால் ஆளைக் கூப்பிட்டுத் துப்புரவாக்குங்கள்.

அடுப்பைக் கைவிடவும் தேவையில்லை. பிள்ளைப்பேற்றுக்கு நொச்சி, பாவட்டை இலை அவிப்பதற்கு அடுப்புத்தான் வேண்டும். மின்சாரம் நின்றாலும் அதுதான் கைகொடுக்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை.

இப்போது அக்கா குளியலறை முக்காலியில் இருந்தபடி தானே பைப்பைத் திறக்கிறார். முதலில் கையால் சூடு பார்க்கிறார். காயப்பட்ட இடத்தில் உணர்வு குறைவாக இருக்கலாம், தோல் வெந்தாலும் தெரியாது. “இனி நீ எப்ப வருவாய் எண்டு பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை” என்றார் ஒருநாள். பல வருடங்களாக அவர் வாய்விட்டுச் சொல்லாத மனக்குறை அது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, கையில் சிறு தொகையே இருந்தால், முதலில் சுவரில் ஒரு கைபிடிக் கம்பியும், வழுக்காத தரையும், உறுதியான முக்காலியும் செய்யுங்கள். விழாமல் இருப்பதே முதல் தேவை. கீற்றரை அடுத்த சீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.