படகு எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும் காலம்

கடலோரப் பஞ்சாயத்துக்களில் எஞ்சின் பொருத்தாத மீன்பிடி படகைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. ஆயினும், எஞ்சினை வாங்குவதில் காட்டும் அக்கறையை அதனைப் பேணுவதிலும் காட்டுகிறோமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சின் எண்ணெயை எப்பொழுது மாற்றுவீர்கள் என்று கேட்டால், "ஆறு மாதத்திற்கு ஒருமுறை" என்ற விடையையே நாம் அடிக்கடி கேட்கிறோம். இக்கணக்குப் பிழையானது. எண்ணெயின் ஆயுளை முதலில் அளக்க வேண்டுவது எஞ்சின் ஓடிய மணிகளைக் கொண்டேயாகும். நாளொன்றுக்கு 6 மணி வீதம் வாரத்தில் 5 நாட்கள் ஓடும் எஞ்சின், ஆறு மாதத்தில் ஏறத்தாழ 780 மணி ஓடிவிடுகிறது. சிறிய டீசல் எஞ்சின்களுக்கோ 100 முதல் 250 மணிக்கு ஒருமுறை மாற்றுவதே பொதுவான வரம்பு. சரியான அளவு எஞ்சினுடன் வரும் கையேட்டில் காணப்படும். 100 மணி என்று அதில் குறித்திருப்பின், மூன்று வாரத்திற்குச் சற்று மேல் ஆனதும் மாற்றியாக வேண்டும். புதிய எஞ்சினில் உலோகத் துகள்கள் உதிருமாதலால், முதல் மாற்றத்தை இன்னும் முன்னதாகவே செய்தல் வேண்டும்.

எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு, வெப்பத்தையும் கரியையும் ஏற்றுக்கொள்கிறது. டீசல் எரிவதால் உண்டாகும் அமிலத்தையும் முறிக்கிறது. நாளடைவில் இவ்வாற்றல் தீர்ந்துபோகவே, பேரிங்குகள் அரிக்கப்பட்டுத் தேய்கின்றன.

நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எண்ணெய் அளவு குறையாமல் ஏறிவருவதைக் கண்ட படகுக்காரர், எஞ்சின் நன்றாயிருப்பதாகவே கருதினார். உண்மையில் உள்ளே தண்ணீர் புகுந்து எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றது. நால்வர் ஓர் இரவு முழுதும் அலைகளிடையே தத்தளித்தனர். மறுநாள் வேறொரு படகு அவர்களைக் கரை சேர்த்தது. எஞ்சினைப் பழுது பார்க்க வீட்டு நகை அடகுக்குப் போயிற்று.

ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

1. நாள்தோறும் புறப்படுமுன் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்கவும். வெளுத்திருந்தாலோ, டீசல் வாடை வீசினாலோ, அளவு ஏறியிருந்தாலோ எஞ்சினை ஓட்டாது மெக்கானிக்கிடம் காட்டவும்.

2. எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிக்கவும். அப்பொழுதுதான் கசடும் உடன் வெளியேறும்.

3. எண்ணெய் வடிகட்டி உள்ள எஞ்சினில் அதனையும் உடன் மாற்றவும்.

4. ஓடிய மணிகளை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்துவரவும்.

5. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் நிற்கும் விசைப்படகுகளுக்கு, நிறுத்துமுன்னரே எண்ணெய் மாற்றவும். பழைய எண்ணெயிலுள்ள அமிலம் நிற்கும் எஞ்சினையும் அரிக்கும்.

வயலில் டீசல் பம்புசெட் ஓட்டும் விவசாயிகளுக்கும் இந்த மணிக் கணக்கே பொருந்தும்.

வடித்த எண்ணெயைக் கடலிலோ மணலிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அதனை உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். படகுத்துறையில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து இதற்கு வழிசெய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களால் எளிதில் ஆகக்கூடியதே.

சில லிட்டர் எண்ணெய்க்குச் செலவிட மனமின்றி எஞ்சினையே இழப்பது சிக்கனமாகாது. கடலுக்குச் சென்றவர் பொழுதோடு வீடு திரும்புவதும் அந்த எண்ணெயைப் பொறுத்ததே என்பதை நாம் மறவாதிருப்போமாக.