பாட்டு யாருக்குச் சொந்தம்?

உலகின் பணக்கார இசைக்கலைஞர்கள் செல்வம் சேர்த்த கதை

2024 மார்ச் மாதம் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்ட் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடினார். அந்த நாட்களில் எங்கள் தோட்டப் பள்ளியில்கூட அதே பேச்சுத்தான். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சார், பாட்டுப் பாடினால் இவ்வளவு பணம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"கிடைக்கும் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, நான் சொன்னது பாதி உண்மைதான் என்று பட்டது. உலகமே முணுமுணுத்த பாட்டைக் கொடுத்துவிட்டு வறுமையில் மாண்டவர்கள் உண்டு. அதே அளவு புகழோடு கோடிகளைக் குவித்தவர்களும் உண்டு. இருவருக்கும் குரல் இருந்தது, திறமை இருந்தது. பிறகு வித்தியாசம் எங்கே வந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பால்மரமும் பாட்டும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். என் தந்தையார் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போவார். மரத்தைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து போவார். வெட்டிய நாளுக்குச் சம்பளம். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மரத்தை ஒரு நாளும் கண்ணால் பார்த்திராத பங்குதாரருக்கு வருடம் முடிந்தால் லாபம் போய்ச் சேர்ந்துவிடும்.

பாட்டும் அப்படித்தான். மேடை ஏறிப் பாடுவது கூலி வேலை. பாடிய அன்றைக்குப் பணம். பாட்டின் உரிமை என்பது மரத்தையே சொந்தமாக வைத்திருப்பது. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியது ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு உரியது இன்னொன்று. இசைத்தட்டு விற்றாலும், வானொலியில் ஒலித்தாலும், திரைப்படத்தில் சேர்த்தாலும், வேறொருவர் எடுத்துப் பாடினாலும், இந்த உரிமைகளில் ஏதேனும் ஒன்றுக்கு, சில சமயம் இரண்டுக்குமே பணம் வந்துகொண்டிருக்கும்.

பால்மரத்தை இருபத்தைந்து, முப்பது வருடத்தில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறார்கள். ஆனால் மலேசியச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, படைத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். பேரன் பேத்தி காலத்திலும் பால் வடியும் மரம் இது!

பத்து ஷில்லிங்குக்குப் போன பாட்டு

முதலில் ஒரு சோகக் கதையைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்றொரு ஜூலு இனப் பாடகர் இருந்தார். ஜோகன்னஸ்பர்க் நகரில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் சாதாரணத் தொழிலாளி. 1939-ல் தம் நண்பர்களோடு சேர்ந்து 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். அதன் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு அவர் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

அந்தப் பாட்டு கடல் கடந்தது. 1961-ல் அமெரிக்காவில் ஆங்கிலச் சொற்களோடு மறுபிறவி எடுத்து, உறங்கும் சிங்கத்தைப் பற்றிய பாட்டாக உலகெங்கும் பரவியது. 1994-ல் வெளிவந்த 'லயன் கிங்' கார்ட்டூன் படத்திலும் அது ஒலித்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்த மெட்டு தெரியும்.

ஆனால் லிண்டா? 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு கல் வைக்கக்கூட மனைவியிடம் பணம் இல்லை. அவருடைய மகள்கள் வழக்குத் தொடுத்து, 2006-ல்தான் சமரசம் ஏற்பட்டு, பழைய பாக்கியும் இனி வரும் வருமானத்தில் பங்கும் கிடைத்தன. தந்தை பாடி அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து!

லிவர்பூல் இளைஞர்கள் போட்ட கையெழுத்து

லிண்டாவுக்குப் படிப்பில்லை, அதனால் ஏமாந்தார் என்று நினைக்காதீர்கள். நன்றாகப் பள்ளியில் படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் பெயரைக் கேள்விப்படாதவர் யார்? அதில் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர்கள் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும். மெக்கார்ட்னியின் தந்தை பஞ்சு வியாபாரக் கம்பெனியில் விற்பனையாளர். தாயார் தாதி. மகனுக்குப் பதினான்கு வயதானபோது தாய் இறந்துவிட்டார்.

1963-ல் இவர்களின் பாட்டுகளுக்காக 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. காகிதத்தை நீட்டினார்கள், இளைஞர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டை ஒருவர் சொத்தாக வைத்திருக்க முடியும் என்பதே அப்போது தங்களுக்குத் தெரியாது என்று மெக்கார்ட்னி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எழுதியவர்கள் கையில் சிறு பங்கு. பெரும் பங்கு பிரசுரித்தவர் கையில். 1969-ல் அந்தப் பிரசுரகர்த்தர் தம் பங்கை வேறொரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பாட்டு எழுதியதற்கான பங்கு நண்பர்கள் இருவருக்கும் வந்துகொண்டிருந்தது. ஆனால் உரிமையாளரின் பங்கும், பாட்டை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் கைமாறிப் போயின.

அடிபட்டவர் பாடம் படித்தார். மெக்கார்ட்னியின் மாமனார் நியூயார்க்கில் வழக்கறிஞர். "உமக்குத் தெரிந்த தொழில் இசை. அதிலேயே பணத்தைப் போடும்" என்கிற ரீதியில் மருமகனுக்கு யோசனை சொன்னார். 1970-களில் மெக்கார்ட்னி மற்றவர்களின் பாட்டு உரிமைகளை வாங்கத் தொடங்கினார். இருபத்திரண்டு வயதில் விமான விபத்தில் மாண்ட பட்டி ஹாலியின் பாட்டுகள், பிராட்வே நாடகப் பாட்டுகள் எல்லாம் அவர் கம்பெனிக்கு வந்தன. மேடைக் கச்சேரிகளும் நிற்கவில்லை. 2024-ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் செல்வந்தர் பட்டியலில் அவர் குடும்பச் சொத்து 100 கோடி பவுன் என்று கணக்கிடப்பட்டது. அந்த எல்லையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அவர்தான்.

விளையாட்டாகச் சொன்னது வினையானது

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் ஜாக்சனும் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடினார்கள். தாம் வாங்கிய பாட்டுகளின் பட்டியலை இளையவருக்குக் காட்டி, பாட்டு உரிமையில் பணம் போடுவதன் நன்மையை மூத்தவர் விளக்கினார். "ஒரு நாள் உங்கள் பாட்டுகளையே வாங்கிவிடுவேன்" என்றாராம் ஜாக்சன். மெக்கார்ட்னி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்.

1985-ல் ஜாக்சன் 4 கோடியே 75 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து, சுமார் நாலாயிரம் பாட்டுகள் கொண்ட அந்த நிறுவனத்தை வாங்கியே விட்டார்! அதில் ஏறக்குறைய 250 பாட்டுகள் பீட்டில்ஸ் காலத்தவை. 1995-ல் அதை சோனி நிறுவனத்தோடு இணைத்துப் பாதிப் பங்கை வைத்துக்கொண்டார்.

ஜாக்சன் சம்பாதித்ததைவிட அதிகம் செலவழித்தவர். 2009-ல் இறந்தபோது பல கோடி டாலர் கடன் இருந்தது. ஆனால் கடனிலும் அந்தப் பாட்டு மரங்களை அவர் கைவிடவில்லை. 2016-ல் அவர் குடும்பத்தாரின் பாதிப் பங்கை சோனி வாங்கியபோது கொடுத்த விலை 75 கோடி டாலர். பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்தச் சொத்துதான்.

மறுத்துச் சொன்ன பெண்

என் மனத்துக்கு மிகவும் பிடித்த கதை டாலி பார்ட்டன் அம்மையாருடையது. 1946-ல் அமெரிக்காவின் டென்னசி மலைப் பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். ஒற்றை அறைக் குடிசை. பிரசவம் பார்த்த மருத்துவருக்குச் சோளமாவுதான் கூலியாகக் கொடுக்கப்பட்டதாம்.

1974-ல் இவருடைய ஒரு பாட்டு புகழ் பெற்றது. 'நான் என்றும் உன்னை நேசிப்பேன்' என்ற பொருள் தரும் தலைப்பு கொண்ட பாட்டு. எல்விஸ் பிரஸ்லி அதைப் பாட விரும்பினார். எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! ஆனால் எல்விஸின் மேலாளர் ஒரு நிபந்தனை போட்டார்: பாட்டின் பிரசுர உரிமையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும். டாலி மறுத்துவிட்டார். அன்றிரவு முழுவதும் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் அவரைப் பைத்தியம் என்றுகூட எண்ணினார்கள்.

1992-ல் 'பாடிகார்ட்' என்ற படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்காவில் பதினான்கு வாரம் தொடர்ந்து முதலிடம்! முழு உரிமையும் டாலி கையில் இருந்ததால் பணம் வெள்ளமாக வந்தது.

அந்தச் செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்த வட்டாரத்திலேயே 1986-ல் ஒரு கேளிக்கைப் பூங்காவில் பங்கு சேர்ந்து, ஊராருக்கு வேலை கிடைக்கச் செய்தார். அவருடைய தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறையை நினைத்து 1995-ல் ஒரு திட்டம் தொடங்கினார். பிறந்தது முதல் ஐந்து வயது வரை, பிள்ளைகளின் வீட்டுக்கே மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வரும். இதுவரை 20 கோடிக்கு மேற்பட்ட புத்தகங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்த அம்மையாரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மீண்டும் பாடி மீட்டவர்

இப்போது மாணவி கேட்ட டெய்லர் சுவிஃப்டுக்கு வருவோம். இவர் 2005-ல், பதினைந்து வயதில், ஒரு சிறு இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர். முதல் ஆறு தொகுப்புகளின் ஒலிப்பதிவு உரிமை நிறுவனத்துடையது. 2019-ல் நிறுவனம் விற்கப்பட்டபோது அவர் பாடிய பாட்டுகளும் கைமாறின.

ஆனால் பாட்டுகளை எழுதியவர் அவரே. அந்த உரிமை கையில் இருந்தது. என்ன செய்தார் தெரியுமா? பழைய தொகுப்புகளை வரிசையாக மறுபடியும் பாடிப் பதிவு செய்தார்! 2021 முதல் 2023 வரை நான்கு தொகுப்புகள் வந்தன. "பழையதை விடுங்கள், இதைக் கேளுங்கள்" என்றதும் ரசிகர்கள் அப்படியே செய்தார்கள். 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்த அவருடைய இசைப் பயணத்தில் 149 கச்சேரிகள். நுழைவுச் சீட்டு விற்பனை மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். கடைசியில், 2025 மே மாதம், பழைய ஒலிப்பதிவுகளையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார்.

பாட்டில் கிடைத்த புகழை வேறு தொழிலில் போட்டவர்களும் உண்டு. பார்படோஸ் தீவில் பிறந்த ரிஹானா, 2017-ல் முகப்பூச்சு வியாபாரம் தொடங்கினார். கறுப்பு, மாநிறம், வெள்ளை என எல்லாத் தோலுக்கும் பொருந்தும்படி நாற்பது நிறங்கள்! 2021-ல் 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகை அவர் சொத்தை 170 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் பெரும் பகுதி பாட்டில் வந்ததல்ல. அந்தக் கம்பெனியில் அவருக்கிருந்த பங்கில் வந்தது. ஜே-சி என்ற பாடகரை எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாதபோது, அவர் காரில் வைத்துத் தம் பாட்டுகளை விற்றார். பிறகு நண்பர்களோடு சொந்த நிறுவனமே தொடங்கினார்.

நமக்கு என்ன பாடம்?

"நமக்கும் கோடீஸ்வரர்களுக்கும் என்ன சம்பந்தம் வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

என் தந்தையார் ஒரு முறை, கூட வேலை செய்தவர் கேட்டுக்கொண்டதற்காக, யாரோ நீட்டிய காகிதத்தில் பெருவிரலைப் பதித்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. யாரும் படித்துக் காட்டவும் இல்லை. அது கடனுக்கு ஜாமீன். வாங்கியவர் ஊரை விட்டுப் போய்விட்டார். நான்கு வருடம் என் தந்தை அடுத்தவர் கடனைக் கட்டினார். என் அக்காளின் படிப்பு அதோடு நின்றது. லிண்டாவின் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பெருவிரல்தான் நினைவுக்கு வந்தது.

நம் பிள்ளைகளும் இன்று பாட்டுக் கட்டுகிறார்கள்; கோயில் திருவிழாவில் பாடுகிறார்கள்; சொந்தத் தொகுப்பு வெளியிடுகிறார்கள். பெற்றோர்களே, மூன்று காரியங்களை மறக்காதீர்கள். பிள்ளை எழுதியதைத் தேதியோடும் பெயரோடும் பத்திரப்படுத்துங்கள். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்பை அறிவித்துப் பதிந்து வைக்கும் வசதி 2012 முதல் இருக்கிறது, விசாரியுங்கள். எந்தக் காகிதத்திலும், பாட்டுக்கானாலும் மோட்டார் சைக்கிள் தவணைக்கானாலும், முழுவதும் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் அந்த மாணவியைக் கூப்பிட்டு, நேற்றுச் சொன்ன பதிலைத் திருத்திச் சொன்னேன். "பாடினால் பணம் வரும் அம்மா. ஆனால் பாட்டு உன்னுடையதாக இருந்தால்தான் அது உன்னிடம் தங்கும்."

அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நான் முதலில் பாட்டு எழுதக் கற்றுக்கொள்கிறேன் சார்" என்றாள். மறுவாரம் ஒரு புதுப் பயிற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் பாட்டு எதுவும் இல்லை. அவள் பெயரும் தேதியும் மட்டும் அழகாக எழுதப்பட்டிருந்தன.