லயன்ஃபிஷ் முள் குத்தினால் ஐஸ் வேண்டாம், சுடுதண்ணீர்தான் முதலுதவி! ஏன் தெரியுமா?

உப்புத்தண்ணீர் அக்வேரியம் வைப்பவர்களுக்கு லயன்ஃபிஷ் மீது தனி மோகம் உண்டு. சிவப்பும் வெள்ளையுமாக வரிகள், விசிறி போல விரியும் துடுப்புகள் என்று பார்க்க அவ்வளவு அழகு. ஆனால், அந்த அழகுக்கு நடுவே 18 விஷ முட்கள் இருக்கின்றன.

எந்த முள்ளில் விஷம்?

பக்கவாட்டில் தோகை மாதிரி விரியும் பெரிய துடுப்புகளில் விஷம் கிடையாது. முதுகில் நிற்கும் 13 முட்கள், வயிற்றுத் துடுப்புகளில் 2, வாலுக்கு முன்னால் அடிப்பக்கம் 3. இவைதான் ஆபத்து. ஒவ்வொரு முள்ளிலும் பள்ளம் ஓடுகிறது. அதில் விஷச் சுரப்பி. மேலே மெல்லிய தோலுறை. முள் சதைக்குள் இறங்கும்போது உறை பின்னுக்குத் தள்ளப்பட, விஷம் காயத்துக்குள் போய்விடும்.

மீன் தேடி வந்து கடிப்பதில்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும்போதும், மீனை இடம் மாற்றும்போதும்தான் கை மாட்டும். செத்த மீன்தானே என்று வெறுங்கையால் எடுப்பதும் தப்பு. அதன் முள்ளிலும் விஷத்தின் வீரியம் சில காலம் இருக்கும்.

சுடுதண்ணீர் எப்படி வேலை செய்கிறது?

குத்திய உடனே கடுகடுவென வலி ஏறும். வீக்கம் வரும், சிலருக்குக் கொப்புளமும் வரும். அடிபட்டால் ஐஸ் வைப்பது நமக்குப் பழக்கம். இங்கே தேவை அதற்கு நேர் எதிர். இந்த விஷத்தின் முக்கியப் பொருள் புரதம். வெந்தால் முட்டையின் வெள்ளைக்கரு உருமாறுகிறதே, அதுபோல இந்தப் புரதமும் சூட்டில் சிதைந்து வீரியம் இழக்கும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டார விஷத் தகவல் மையத்துக்கு 5 ஆண்டுகளில் வந்த 51 சம்பவங்களைப் பற்றிய மருத்துவ ஆய்வு 1985-ல் வெளியானது. அவற்றில் 45 சம்பவங்களில் குத்தியது லயன்ஃபிஷ்தான். சுடுதண்ணீரில் காயத்தை வைத்தவர்களில் 80 சதவிகிதம் பேருக்கு வலி முழுமையாக நின்றது.

என்ன செய்ய வேண்டும்?

* வெளியே தெரியும் முள் துண்டுகளை எடுத்துவிட்டு, காயத்தைக் கழுவுங்கள்.
* 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் வரை காயத்தை வையுங்கள்.
* சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும்.
* கயிறு கட்டுவது, காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.
* வலி நின்றாலும் டாக்டரைப் பாருங்கள். உள்ளே முள் துண்டு தங்கியிருக்கலாம்; டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

மூச்சுத்திணறல், மயக்கம், தொடர் வாந்தி இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். உயிரிழப்பு மிக அரிது என்றாலும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிலைமை சட்டென மோசமாகலாம்.

லயன்ஃபிஷ் மட்டும்தானா?

இல்லை. அக்வேரியக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ், நம் மீனவர்கள் சொல்லும் ஓரா மீனின் சொந்தம். அதற்கும் விஷ முட்கள் உண்டு. கோடு போட்ட கடல் கெளுத்திக் குட்டிகளுக்கும் அப்படியே. முதலுதவியும் இதேதான்.

எனவே, தொட்டிக்குள் கைவிடும் முன் மீன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீளமான இடுக்கி, தடித்த கையுறை பயன்படுத்துங்கள். வீட்டில் ஃபிளாஸ்க்கும் தெர்மாமீட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.