உஷார்! கடல் கைவிரித்தால் கொல்லிமலையும் தப்பாது

காரவள்ளி அடிவாரத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கும் முன், வெயிலில் கிடந்த கோலி சோடா ஒன்றை உடைத்துப் பாருங்கள். பொங்கிக் கையெல்லாம் வழியும். ஐஸ் பெட்டியில் இருந்ததை உடைத்தால் அடக்கமாக நுரைக்கும். சூடான தண்ணீரில் கரியமில வாயு தங்காது. கடலும் அப்படித்தான். செம்மேட்டுக்காரர்களே, வளப்பூர்நாட்டுக்காரர்களே, "கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று இருந்துவிடாதீர்கள்!

நாம் எரிக்கும் பெட்ரோலும் நிலக்கரியும் கக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் விழுங்குகிறது. ஆனால் எப்போதும் ஒரே அளவில் விழுங்காது. அரபிக்கடலைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரம் ஆழத்து நீரை மேலே கிளப்பும். அதோடு அடியில் கிடந்த வாயுவும் வெளியேறும். நம் மலைக்கு ஆடிச் சாரல் கொண்டு வருவதும் அதே காற்றுதான்.

வருஷத்துக்கு வருஷமும் மாறும். எல் நினோ வந்தால் பசிபிக்கில் ஆழத்து நீர் மேலே வருவது குறையும். அதனால் கடல் வழக்கத்தைவிட அதிகமாகவே விழுங்கும். 2023-ல் எல் நினோ வந்தது. ஆனால் நடந்தது தலைகீழ்! வட அட்லாண்டிக் கொதித்ததில், எதிர்பார்த்ததைவிட சுமார் 10 சதவீதம், கிட்டத்தட்ட 100 கோடி டன் குறைவாகவே கடல் இழுத்தது என்கிறது சூரிச் ஆய்வாளர்களின் கணக்கு. இதுதான் என்னை உலுக்குகிறது. மறு வருஷம், 2024-ல், காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 3.5 பங்கு ஏறியது. 1957-ல் அளக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே வருஷத்தில் இவ்வளவு ஏறியதில்லை. கடலோடு காடும் மண்ணும் குறைவாக இழுத்ததும், காட்டுத்தீயும் காரணம் என்கிறது உலக வானிலை அமைப்பு.

கடல் விழுங்காமல் விட்ட வாயு காற்றில் கலந்து எல்லா ஊர் வெயிலையும் ஏற்றும், மழையையும் தடுமாற வைக்கும். நம் மலையில் சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகுக்கொடியைக் கிட்டே போய்ப் பாருங்கள். திரி விடும் சமயத்தில் மழை நடுவில் விட்டுக் காய்ந்தால் திரி உதிர்ந்து வேரடியில் கிடக்கும். அந்த வருஷ மிளகு அத்தோடு சரி. குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும் சாமையையோ, சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளிக்காக ஓரம் கட்டிவிட்டோம்.

இந்த மழைக்கு ஒரு துண்டு நிலத்திலாவது சாமை விதையுங்கள். மிளகு படரும் நிழல் மரங்களில் கோடாலி வைக்காதீர்கள்.