பாற்சர்க்கரை செரியாமை

பாற்சர்க்கரை செரியாமை என்பது பாலில் இயற்கையாக உள்ள லாக்டோசு என்னும் சர்க்கரையை உடலால் முழுமையாகச் செரிக்க இயலாத நிலையாகும். சிறுகுடலில் உள்ள லாக்டேசு என்னும் நொதி, லாக்டோசைக் குளுக்கோசு, கேலக்டோசு என இரண்டாகப் பிரிக்கிறது. இந்நொதி குறைந்தால், பிரியாத சர்க்கரை பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. பால் அருந்திய சில மணி நேரத்திற்குள் வயிற்று உப்புசம், வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும்.

குழந்தைப் பருவத்திற்குப் பின் லாக்டேசு குறைவது உலக மக்களில் பெரும்பாலோருக்கு இயல்பானதே. கடும் வயிற்றுப்போக்கிற்குப் பின் தற்காலிகமாகவும் இந்நிலை ஏற்படலாம்.

ஒவ்வாமையிலிருந்து வேறுபாடு

பால் ஒவ்வாமை என்பது பால் புரதத்திற்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை. அதில் ஒரு துளி பாலும் ஆபத்தாகலாம். பாற்சர்க்கரை செரியாமை தொல்லை தருமே தவிர உயிருக்கு ஆபத்தானதன்று. இதில் அளவே முக்கியம். எனவே பாலை அடியோடு விலக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லை.

அளவும் உணவுத் தேர்வும்

100 மி.லி. பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோசு உள்ளது. பலரால் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு குவளைப் பாலைத் தாங்க இயலும். வெறும் வயிற்றில் குடிப்பதைவிட உணவுடன் சிறிது சிறிதாக அருந்துவது நல்லது.

- எளிதில் ஏற்பவை: தயிர், மோர், நெய். தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோசின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. நெய்யில் லாக்டோசு மிக அரிது.
- கவனம் தேவைப்படுபவை: பால்கோவா, பால் பவுடர், ஐஸ்கிரீம். பால் சுண்டச் சுண்ட லாக்டோசு செறிவடைகிறது. காய்ச்சுவதால் அது நீங்குவதில்லை. ஆட்டுப்பாலிலும் லாக்டோசு உண்டு.
- மறைந்திருப்பவை: சில பிஸ்கட்டுகள், சூப் பொடிகள், மாத்திரைகள்.

சுண்ணாம்புச் சத்து

பாலைக் குறைப்பவர்கள் கால்சியத்தை வேறு உணவுகளிலிருந்து பெற வேண்டும். இல்லையேல் எலும்புகள் வலுவிழக்கும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் இது மிகுதி.

மருத்துவ ஆலோசனை

மூச்சுக்காற்றிலுள்ள ஐதரசனை அளவிடும் சோதனை மூலம் இந்நிலையைக் கண்டறியலாம். மலத்தில் இரத்தம், எடை குறைதல், தொடர் காய்ச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள் அல்ல. அவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும், மருத்துவர் கூறாமல் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.